பூச்சிக்கடியும் சுண்ணாம்பு டப்பாவும்

மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைச் செயலாளர் விடுதிக்கு வந்தபோது, கியர் வெட்டும் முறைகளைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் பிப்ரவரி மாதம் ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தத் தாள்களை மடித்து வைத்துவிட்டேன். கியரைப் பற்றிப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். பூச்சி கடித்தால் என்ன செய்வது என்று நம் சிலபஸில் எந்த செமஸ்டரிலும் இல்லை. கடிபடாதவன் மட்டும் நம்மில் ஒருவனும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இதில் இருப்பது பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம், அரசு மருத்துவமனை டாக்டர்களிடம் நச்சரித்துக் கேட்டது கொஞ்சம், நூலகத்தில் தேடிப் படித்தது கொஞ்சம்.

நம் ஊர்ப் பேச்சில் ஒரு விசேஷம் இருக்கிறது. கொசு ‘கடிக்கும்’. குளவி ‘கொட்டும்’. கம்பளிப்பூச்சி ‘படும்’. கம்பளிப்பூச்சி கடித்துவிட்டது என்று எந்த அப்பாயியும் சொல்லமாட்டாள். இந்த மூன்று வார்த்தையும் மூன்று வேறு சங்கதி. கடிக்கிற பூச்சி ரத்தம் குடிக்க வருகிறது. போகும்போது எச்சிலை உள்ளே விட்டுப் போகிறது. கொட்டுகிற பூச்சி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விஷத்தை ஏற்றுகிறது. படுகிற பூச்சி நம்மை ஒன்றுமே செய்வதில்லை. அதன் ரோமமோ, உடம்புச் சாறோ நம் தோலில் பட்டுவிடுகிறது. மூன்றுக்கும் ஒரே சுண்ணாம்பைத் தடவுவதுதான் நம் வழக்கம்.

‘படுகிற’ கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது என் கழுத்தில் நடந்தது.

போன வருஷம் நவம்பர். செமஸ்டர் பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. நம் விடுதியின் மூன்று பக்கமும் சம்பா வயல் என்பது உங்களுக்குத் தெரியும். மழை விட்ட ராத்திரி, ஜன்னலைத் திறந்து போட்டு, டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. பார்க்காமலேயே கையால் தேய்த்துத் தட்டிவிட்டேன். அப்போது ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம் எரிச்சல். அதற்கடுத்த நாள் காலையில் கண்ணாடி பார்த்தால், இடது பக்கக் கழுத்தில் சாட்டையால் அடித்த மாதிரி நீளமாக ஒரு சிவப்புக் கோடு. அதன்மேல் பொடிப் பொடியாகக் கொப்புளம்.

அறை முழுக்க டாக்டர்கள். “பல்லி மூத்திரம் பட்டிருக்கும்டா.” “இல்ல மாப்ள, சிலந்தி எச்சில் வுட்டிருக்கு.” ஒருத்தன் டூத்பேஸ்ட்டை அப்பினான். இன்னொருத்தன் அதைக் கழுவச் சொல்லி, சுண்ணாம்பு வைத்தான். எரிந்த எரிச்சலில் நான் தெர்மல் இன்ஜினியரிங் பாடத்தையே மறந்துவிட்டேன். கடைசியில் மெஸ் அண்ணன்தான், “இது அக்கி தம்பி. நம்ம பக்கத்து ஊர்ல வேளார் ஒருத்தர் அக்கி எழுதுவாரு. காவியக் கொழச்சுப் பூசுனா மூணே நாள்ல அடங்கிடும்” என்றார்.

போனேன். பெரியவருக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார வைத்து, கழுத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, “முழங்கை மடிப்பைக் காட்டு” என்றார். எனக்கே தெரியாது, மடிப்பின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் அச்சுக் குத்தின மாதிரி ஒரே அளவில் இரண்டு சிவப்புத் திட்டு இருந்தது. அவர் காவியைத் தொடவே இல்லை. “அக்கின்னா பட்டையா, கொத்துக் கொத்தா எழும்பும். வர்றதுக்கு முன்னாடியே வலி எடுக்கும். இது பூச்சி பட்டது. நடவு, அறுப்புக்குப் போற பொம்பளைங்களுக்கு வரும். பெரியாஸ்பத்திரிக்குப் போ தம்பி” என்றார். காசும் வாங்கவில்லை. வீட்டு வைத்தியத்தைக் கிண்டல் செய்ய நினைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்: என் அறையில் இருந்த ஐந்து டிப்ளமோ மாணவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எதற்குத் தன் மருந்து இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “ரூம்ல டியூப்லைட்டா? பக்கத்துல வயல் இருக்கா?” என்பதுதான். பிறகு சீட்டின் பின்பக்கம் ஒரு படம் வரைந்தார். ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் மெலிந்த பூச்சி. ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி. நடுவில் நீலப் பளபளப்போடு குட்டை இறக்கை. பார்த்தால் பெரிய எறும்பு மாதிரி இருக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். ரோவ் வண்டு வகை, பெயர் பேடரஸ். சில விடுதிகளில் ஆசிட் பூச்சி என்கிறார்கள். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. இதன் உடம்புச் சாற்றில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. நாம் நசுக்கினால்தான் அது வெளியே வரும். பட்டவுடன் தெரியாது, ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளமாகும். அதனால்தான் யாருக்கும் பூச்சி மேல் சந்தேகமே வருவதில்லை, பாவம் பல்லி பழி சுமக்கிறது. கையை மடக்கும்போது ஒரு பக்கத்துச் சாறு மறுபக்கம் ஒட்டிக்கொள்வதால்தான் அந்த இரட்டைத் திட்டு.

வேடிக்கை என்னவென்றால், வயலில் இது விவசாயியின் கூட்டாளி. நெல்லைத் தாக்கும் புகையான் போன்ற பூச்சிகளைத் தின்று வாழ்கிறது. ராத்திரியில் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து நம் அறைக்கு வருவதுதான் தகராறு.

ஆகவே ஜன்னலோர அறைக்காரர்கள் கவனிக்கவும். மழைக்கால ராத்திரியில் மேலே ஏதாவது ஊர்ந்தால் அடிக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு வெளியே தட்டுங்கள். நசுங்கிவிட்டது என்றால் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கண் வீங்கிவிடும். சட்டை, போர்வை எல்லாவற்றையும் துவைத்துவிடுவது நல்லது. கொப்புளம் வந்துவிட்டால் ஈரத்துணி ஒத்தடம். களிம்பை டாக்டர் எழுதித் தருவார். இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், கறுப்புத் தழும்பு மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், அந்த ஒரு வாரம் என் பக்கத்துக் கட்டில்காரன் பாயைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்!

எனக்கு இதில் அதிகம் எரிந்தது பூச்சிச் சாறா, சுண்ணாம்பா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “ரெண்டும்தான். புண்ணான தோல்ல போய்ச் சுண்ணாம்பு வைப்பாங்களா?” என்றார்.

இனி கடிக்கும் கொட்டுக்கும் வருகிறேன்.

கொசு கடித்தால் தடிப்பது கொசுவின் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, அது நம் உடம்பின் வேலை. பெண் கொசு ரத்தம் உறையாமல் இருப்பதற்காக எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலில் இருக்கும் புரதத்தை நம் உடம்பு அந்நியன் என்று அடையாளம் கண்டுகொள்கிறது. தோலில் மாஸ்ட் செல் என்று காவல்கார செல்கள் உண்டு. அவை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை அவிழ்த்துவிடுகின்றன. ரத்தக் குழாய் விரிகிறது, நீர் கசிகிறது, தடிக்கிறது, அரிக்கிறது. வீட்டில் ஒருவருக்குத் தடிப்பதும் இன்னொருவருக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். கொசு ஒன்றேதான், காவல்காரன் வேறு. மூட்டைப்பூச்சியும் இப்படியே. வரிசையாக மூன்று நாலு தடிப்பு இருந்தால் கட்டிலின் சந்தைப் பாருங்கள், கொசுவைத் திட்டாதீர்கள்.

இதற்கு வீட்டு வைத்தியம் போதும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, கிடைத்தால் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிஷம். இதைவிட மலிவான மருந்து கிடையாது. நகத்தால் அழுத்திச் சிலுவைக் குறி போடுவோமே, அதற்கும் காரணம் உண்டு: சின்ன வலி அரிப்பைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடும். ஆனால் நகம் கிழித்தால் சீழ் பிடிக்கும். கேலமைன் லோஷன் பூசலாம். அது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு. அந்த ரோஸ் நிறம் துளி இரும்பு ஆக்சைடால் வருவது. வேளார் பூசும் காவி மண்ணின் நிறமும் இரும்பு ஆக்சைடுதான். இரண்டுக்கும் நடுவே இந்த உறவு இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி எல்லாம் தோல் கிழியாத இடத்தில் பூசிக்கொள்பவர்கள் பூசிக்கொள்ளட்டும். அப்பாயியோடு சண்டை வேண்டாம். மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட், சிகரெட் நெருப்பு, பழுக்கக் காய்ச்சிய கம்பி இதெல்லாம் வைத்தியம் இல்லை, வதை. அரிப்புக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவில் போன்ற பழைய ரகம் தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள், பைக் ஓட்டாதீர்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் சீட்டு இல்லாமல் பூச வேண்டாம். படர்தாமரைமேல் அதைப் பூசிவிட்டு, முதலில் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்து, பிறகு உடம்பெல்லாம் பரவ விட்டவர்கள் நம் விடுதியிலேயே உண்டு.

சிவில் நண்பர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. சர்வே கேம்ப் போய்ப் புதரிலும் புல்லிலும் சுற்றிவிட்டு வந்த ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் அடித்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அரிக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைபஸ் என்கிற இந்தக் காய்ச்சல் நம் மாநிலத்தில் இருக்கிறது; டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும், விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பொருக்கை டாக்டரிடம் கூச்சப்படாமல் காட்ட வேண்டும்.

இப்போது சுண்ணாம்பு டப்பா.

தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் நடுநிலை. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கணக்கு. பிப்பெட்டும் ப்யூரெட்டும் வைத்து டைட்ரேஷன் செய்தவனுக்கு இது சரியாகத்தான் படும். ஆனால் யோசித்துப் பாருங்கள். உள்ளே போன விஷம் ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. அது தோலுக்கு அடியில் இருக்கிறது, சுண்ணாம்பு தோலுக்கு மேலே இருக்கிறது. ப்யூரெட் ஒரு அறையில், பிளாஸ்க் இன்னொரு அறையில்! தவிர, வேலை செய்வது அமிலம் இல்லை. மெலிட்டின் முதலான புரதப் பொருள்கள். அவற்றை டைட்ரேட் செய்ய முடியாது. சுண்ணாம்பின் பி.எச். 12-க்கு மேல், தோலை அரிப்பதுதான் மிச்சம்.

தேனீ கொட்டினால் கொடுக்கு விஷப்பையோடு தோலிலேயே நின்றுவிடும். பை தன்பாட்டில் விஷத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். பிடுங்கக் கூடாது, கத்தியால் வழிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். 1996-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று காட்டியது. கத்தி தேடாதீர்கள், நகத்தால் எடுத்துவிடுங்கள். கையில் கொட்டினால் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்கள். குளவியும் கதண்டும் பெரும்பாலும் கொடுக்கை விட்டுப் போவதில்லை. திரும்பத் திரும்பக் கொட்டும்.

ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் இருந்த பனைமரத்தில் கதண்டுக் கூடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் ஒருநாள் பதினொரு மணி இடைவேளை. முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் சைக்கிள் எடுக்கப் போனான். ஒரே ஒரு கதண்டு, பின்கழுத்தில் ஒரே கொட்டு. “அய்யோ” என்று உட்கார்ந்தான். நாங்கள் சுற்றி நின்று சிரித்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். “ஒரு கதண்டுக்கே இப்டியா?” என்றான் ஒருத்தன். “சுண்ணாம்பு வச்சா சரியாயிடும்” என்று சொன்னது நான். கேட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டிக்கடைக்கு ஓடியதும் நான்தான். கடையில் ஆள் இல்லை. காத்திருந்து, வாங்கி, வெற்றிலையில் மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் அவன் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சொறிய ஆரம்பித்திருக்கிறான். பிறகு கொட்டாத இடமான வயிறு, தொடையெல்லாம் தடித்திருக்கிறது. உதடு வீங்கியது. “தொண்டையில ஏதோ அடைக்குதுண்ணே” என்று சொன்ன குரலே மாறியிருந்ததாம். வாந்தி எடுத்தான். எழுந்து தண்ணீர்க் குழாய்க்கு நடக்கப் பார்த்தவன் தள்ளாடினான். அப்போதுதான் எங்கள் ஃபிட்டிங் இன்ஸ்ட்ரக்டர் சார் சத்தம் கேட்டு வெளியே வந்தார். ஒரு பார்வைதான். “எவனும் அவனை நடக்க விடாதீங்க. படுக்க வை, காலைத் தூக்கிப் புடி. வண்டிய எடுங்கடா” என்று கத்தினார். நான் வந்து சேர்ந்தபோது கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. வெற்றிலையும் கையுமாக நின்றேன்.

அரசு மருத்துவமனை பக்கம்தான் என்பது அவன் அதிர்ஷ்டம். தொடையில் ஓர் ஊசி. அட்ரினலின். சில நிமிஷத்தில் மூச்சு சீரானது என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் பார்க்கப் போனோம். டூட்டி டாக்டர், “கொட்டி எவ்வளவு நேரம் கழிச்சுக் கிளம்புனீங்க?” என்று கேட்டு எழுதிக்கொண்டார். “அந்தப் பத்து நிமிஷம் என்ன பண்ணீங்க?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் விளக்கியது இது. கொசுக்கடியில் தோலின் ஒரு மூலையில் நடக்கிற அதே ஹிஸ்டமின் வேலை, சிலருக்கு உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்துவிடும். ரத்தக் குழாய்கள் எல்லாம் விரிந்து ரத்த அழுத்தம் விழும். மூச்சுக் குழாய் சுருங்கும். இதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர். 1902-ல் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் தடவை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவிலேயே செத்துப்போனது. முதல் தடவை உடம்பைப் பழக்கவில்லை, பகையை மூட்டிவிட்டது. ரிஷேவுக்கு இதற்காக 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் தம்பியையும் விசாரித்தபோது, போன வருஷம் ஊரில் தென்னந்தோப்பில் கதண்டு கொட்டியதாகவும், அப்போது வீங்கியதோடு சரியாகிவிட்டதாகவும் சொன்னான். ‘போன தடவை ஒண்ணும் ஆகலையே’ என்பது உத்தரவாதம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எனவே கோடு எங்கே போடுவது? கொட்டிய இடத்தில் மட்டும் வலி, சிவப்பு, வீக்கம் என்றால், முழங்கை வரை வீங்கினாலும் பதறாமல் ஐஸ் வைக்கலாம், மறுநாள் டாக்டரைப் பார்க்கலாம். கொட்டாத இடம் தடித்தால், உதடோ நாக்கோ வீங்கினால், குரல் மாறினால், மூச்சு இழுத்தால், வாந்தி, மயக்கம் வந்தால் இவற்றில் ஒன்று போதும். அந்த நிமிஷமே 108-க்கு அடிக்க வேண்டும், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்ப வேண்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டுகிறவன் உட்காரத்தான் முடிகிறது என்றால் உட்காரட்டும், எழுந்து நடக்கக் கூடாது. நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அரிப்பு மாத்திரை இதற்கு மருந்து இல்லை, அட்ரினலின்தான் மருந்து. வாய்க்குள், தொண்டையில் கொட்டினாலும், கூட்டமாகச் சூழ்ந்து பல இடத்தில் கொட்டினாலும் அறிகுறிக்குக் காத்திருக்காமல் போய்விட வேண்டும். ஊசி போட்டுச் சரியானவுடன் வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம் என்பதால்தான் தம்பியை அன்று ராத்திரி வார்டிலேயே வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் அவன் வகுப்புக்கு வந்தான். “அண்ணே, எனக்காகச் சுண்ணாம்பு வாங்க ஓடுனீங்களாமே, தேங்க்ஸ்ண்ணே” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னான். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

கூட்டைத் தீயணைப்புத் துறையினர் ஒரு ராத்திரி வந்து அகற்றினார்கள். விடுதியின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். டிங்ச்சர் பாட்டிலும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன. பேரவை சார்பில் கேலமைன், ஐஸ் பை, பெட்டியின் மூடியில் 108-ம் அரசு மருத்துவமனை எண்ணும் எழுதிய ஒரு தாள் சேர்த்திருக்கிறோம். தம்பி தன் அடையாள அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் ‘கதண்டு, குளவி கொட்டினால் ஒவ்வாமை’ என்று எழுதி வைத்திருக்கிறான். அவன் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு தடவை வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.